உயிர்ப்பு ஞாயிறன்று நடக்கப் போனவர்



நம் பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துகளை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று உண்டு. இடப்பக்கம் நன்றியாகவும் நலம் வேண்டியும் கொடுக்கப்படும் பூசைகளுக்கு. வலப்பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. கல்லறைத் திருநாள் நெருங்கினால் வலப்பக்கம் நிரம்பி, தனித் தாள் ஒட்ட வேண்டியிருக்கும். கடந்த ஆண்டு அந்த வாரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரி வந்தார். கணவர் பெயருக்கு ஒரு பூசை எழுத வேண்டும் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பேனாவைப் பிடித்திருந்த நமக்கும் தெரியவில்லை.

அவர் கணவர் ஓவர்லாக் டெய்லர். சில ஆண்டுகளுக்கு முன்பு பொங்கல் விடுமுறையில் கூட வேலை செய்பவர்களோடு வேன் பிடித்து மலைக்குச் சுற்றுலா போனார். மாலையில் சற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. வனத்துறையினரும் காவல்துறையினரும் அந்த மலை மக்களும் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சகோதரி மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்ற நிலையில் இருக்கிறார்.

அதே வாரத்தில், ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் பாங்காக் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரு கால்வாய்க் கரையில் தேக்கு மர வீடு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்றும், அந்த வீட்டுக்காரர் துணி வியாபாரத்தில் பெரும் பேர் எடுத்தவர், மலையில் நடக்கப் போய்க் காணாமற்போனவர் என்றும் சொன்னார். அவர் ஜிம் தாம்சன். பட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பழகிய பெயர்தான். அந்தச் சகோதரியின் முகம் மனதில் இருந்ததால், அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தோம். துணியால் பிழைக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு அதில் பல இடங்கள் நன்றாகவே புரிகின்றன.

ஜேம்ஸ் ஹாரிசன் வில்சன் தாம்சன் 1906 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை வசதியான ஜவுளி உற்பத்தியாளர். தாய்வழித் தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற தளபதி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1928-இல் பட்டம் பெற்றார். பிறகு கட்டடக் கலை படித்தார். அந்தப் பட்டத்தை முடிக்கவில்லை. ஆனாலும் நியூயார்க்கில் பத்தாண்டுக்கு நெருக்கமாகக் கட்டட வடிவமைப்பாளராகவே வேலை செய்தார். நல்ல சம்பளம், நாட்டிய அரங்குகள், விருந்துகள் என்று ஓடிய வாழ்க்கை. முப்பத்தைந்து வயதுவரை அவரைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் அவரைப் புரட்டிப் போட்டது. படையில் சேர்ந்தார். அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பு அவரை எடுத்துக்கொண்டது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் என்று அலைந்து, கடைசியில் இலங்கைக்கு வந்தார். அங்கே அவருக்குக் காட்டில் பிழைத்திருக்கும் பயிற்சி தரப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தவுடன் பாங்காக் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்தது, அவருடைய திருமணமும் 1946-இல் முறிந்தது. ஊர் திரும்ப மனமில்லாமல் பாங்காக்கிலேயே தங்கினார். அங்கே ஒரு பழைய ஓட்டலைச் சீரமைக்கும் முயற்சியில் இறங்கி, கூட்டாளிகளோடு ஒத்துப்போகாமல் விலகினார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கையில் தொழில் இல்லை, குடும்பம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவர் கண்ணில் கைத்தறிப் பட்டு பட்டது. பாங்காக்கில் சேன் சேப் கால்வாய்க் கரையில் பான் குருவா என்றொரு சிறு குடியிருப்பு. சாம் இன முஸ்லிம் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்தவர்கள். இயந்திரத் துணி மலிவாக வந்து இறங்கியதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பலர் வேறு கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். சென்னிமலையிலும் நம் பக்கத்து ஊர்களிலும் தறிச் சத்தம் குறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1947-இல் தாம்சன் அந்தப் பட்டுத் துண்டுகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நியூயார்க் போனார். பையரிடம் சாம்பிள் காட்டப் போகிறவர்களின் வயிற்றில் என்ன கலக்கம் இருக்கும் என்பது திருப்பூருக்குத் தெரியும். வோக் என்ற புகழ்பெற்ற உடை இதழின் ஆசிரியை எட்னா உல்மன் சேஸ் மேசையில் அந்தத் துணிகளை விரித்தார். அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த ஆண்டு, 1948-இல், தாய் சில்க் கம்பெனி தொடங்கப்பட்டது. பழைய காய்கறிச் சாயங்கள் வெளுத்துவிடும் என்பதால் சாயம் போகாத புதிய சாயங்களைக் கொண்டுவந்தார். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்பதில் அவருக்குத் தனிக் கண் இருந்தது. 1951-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகத்தின் உடைகளுக்கு அந்தப் பட்டு பயன்பட்டதும், உலகம் தாய்லாந்துப் பட்டைத் திரும்பிப் பார்த்தது.

அவர் நெசவாளர்களைப் பெரிய தொழிற்சாலைக் கூரைக்குள் கொண்டுபோய் அடைக்கவில்லை. பெண்கள் தங்கள் வீட்டிலேயே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நெய்தார்கள். சம்பாத்தியமும் அவர்கள் கைக்கு வந்தது. தறியின் வேகத்துக்குத் துணி வந்தால் போதும் என்று அவரால் இருக்க முடிந்தது. ஷிப்மென்ட் தேதிக்காக இரவு முழுவதும் மெஷினில் உட்கார வைக்கும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அந்தக் காலமும் சந்தையும் வேறு என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

1959-இல் அந்த நெசவாளர்களின் குடியிருப்புக்கு எதிர்க்கரையில், பழைய தேக்கு வீடுகள் ஆறைப் பல இடங்களிலிருந்து வாங்கிக் கொண்டுவந்து ஒன்றாக இணைத்துத் தம் வீட்டைக் கட்டினார். கால்வாயைக் கடந்து தறிகளைப் பார்க்கப் போவார். மாலையில் விருந்தினர்கள் நிறைந்திருப்பார்கள்.

அவர் புனிதர் இல்லை. அப்படி எழுதவும் நாம் முயலவில்லை. பழைய சிலைகளைச் சேர்ப்பதில் ஆசை மிஞ்சியவர். குகைக் கோயிலிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல் தலைகள் சிலவற்றை வைத்திருந்ததற்காக 1962-இல் தாய்லாந்தின் நுண்கலைத் துறையோடு கடும் மோதல் ஏற்பட்டது. ஒரு நாட்டின் வழிபாட்டுச் சிலை தனிமனிதர் வீட்டில் இருப்பது சரியா என்று கேட்டால், சிலைத் திருட்டுக்குப் பேர்போன தமிழகத்தில் இருக்கும் நாம் அதிகாரிகள் பக்கம்தான் நிற்போம். தாம்சனுக்கோ அது ஆறாத காயமாயிற்று.

இனி 1967-க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச் 24 புனித வெள்ளி. தாம்சன் தம் தோழி கானி மங்ஸ்காவ் என்ற பெண்மணியோடு மலேசியாவின் கேமரன் மலைக்கு விடுமுறைக்குப் போனார். டாக்டர் லிங் என்பவரும் அவர் மனைவி ஹெலனும் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவில் விருந்தினர். கேமரன் மலை நம் தமிழருக்கு அந்நியமான இடமல்ல. 1929-இல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டம் முதலாக, அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் மக்கள் ஏராளம்.

மார்ச் 26 உயிர்ப்புப் பெருவிழா. காலையில் அங்குள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தில் வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். அந்த ஆலயத்தின் பெயர் சகல ஆன்மாக்கள் ஆலயம் என்பதைப் படித்தபோது, நம் நோட்டின் வலப்பக்கம் நினைவுக்கு வந்தது. பிறகு மலை மேல் போய் உணவு அருந்திவிட்டுப் பிற்பகலில் பங்களா திரும்பினார்கள். மற்றவர்கள் சற்றுக் கண்ணயரப் போனார்கள். மூன்றரை மணியளவில் சரளைக் கல் பாதையில் காலடி ஓசை கேட்டது. அவ்வளவுதான். சிகரெட்டும் லைட்டரும், பித்தப்பை வலிக்கு அவர் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரை டப்பாவும் வீட்டிலேயே இருந்தன. தூரம் போக நினைத்தவர் விட்டுப்போகும் பொருட்கள் அல்ல இவை. ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 61 வயது முடிந்திருந்தது.

இருட்டியும் வராததால் தேடல் தொடங்கியது. காவல்துறையினர் வந்தார்கள். அந்தக் காட்டைத் தம் வீட்டு முற்றம்போல் அறிந்த ஒராங் அஸ்லி பழங்குடியினர் வந்தார்கள். உடல் தேற அங்கே தங்கியிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள், பள்ளி மாணவர்கள், மறைப்பணியாளர்கள், சுற்றுலாப் பயணிகள், ஊர்க்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் மலையைச் சல்லடையாய்ச் சலித்தார்கள். மேலே ஹெலிகாப்டர் பறந்தது. தென்கிழக்கு ஆசியா கண்ட மிகப் பெரிய தேடல்களில் அதுவும் ஒன்று.

வால்பாறைச் சோலைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்த இடத்தின் கடினம் ஓரளவு புரியும். கேமரன் மலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர். அங்குள்ள பிரிஞ்சாங் சிகரம் 2000 மீட்டரைத் தாண்டுகிறது. மரத்துக்கு மரம் பாசி. பாதையை விட்டுச் சில எட்டு விலகினால் பாதை கண்ணுக்குத் தெரியாது. கூப்பிடும் குரல் ஈர இலைகளில் அமுங்கிவிடும். மட்கிய சருகு பள்ளத்தை மூடியிருக்கும். கால் வைத்த பிறகுதான் அது பள்ளம் என்று தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவருக்கு மரங்களின் தலைகள் மட்டுமே. ஒரு மழை பெய்தால் தடம் முழுவதும் கரைந்துவிடும். தேடுபவர்களே தொலைந்துபோகாமல் கயிறு கட்டியதுபோல் வரிசையாகப் போக வேண்டிய காடு. இருந்தும் காட்டுப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு தடயமும் விடாமல் மறைந்தது எல்லாரையும் குழப்பியது. ஒரு சட்டைத் துணிகூட அகப்படவில்லை. பத்து நாட்களுக்கு மேல் ஆனபின் அதிகாரப்பூர்வத் தேடல் நிறுத்தப்பட்டது.

தேட வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரிச்சர்ட் நூன் மலாயாவின் பழங்குடியினர் நலத் துறைக்கு முன்பு தலைவராக இருந்தவர், காட்டை அறிந்தவர். அவருடைய அண்ணன் பாட் நூன் ஒரு மானிடவியல் அறிஞர். தெமியார் பழங்குடியினரோடு வாழ்ந்து, அவர்களிலேயே பெண் எடுத்தவர். ஜப்பானியர் ஆட்சியில் 1943-இல் அதே மலைத்தொடரின் காடுகளில் காணாமற்போனார். தம்பி போருக்குப் பின் ஆண்டுக்கணக்கில் விசாரித்து, அண்ணன் உடன்பிறந்தவராக ஏற்றுக்கொண்ட தெமியார் ஒருவராலேயே கொல்லப்பட்டார் என்ற உண்மையை அறிந்தார். அந்த மனிதர்தான் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு வீட்டுப் பிள்ளையைத் தேடி அதே மலைகளுக்குள் இறங்கினார். தேடிப் பார்த்துவிட்டு, தாம்சன் அந்தக் காட்டில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அதன்பின் கதைகள் பெருகின. புலி அடித்தது, லாரி மோதி ஓட்டுநர் உடலை மறைத்தார், உளவு அமைப்பு கடத்தியது, தாமே தப்பிப் போனார் என்றெல்லாம் எழுதினார்கள். மலாயாக் கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள் என்று 2017-இல் வந்த ஓர் ஆவணப்படம் சொல்கிறது. பீட்டர் ஹுர்கோஸ் என்ற டச்சுக்காரர் ஞான திருஷ்டியில் பார்த்ததாகக் கூறி, அவர் கம்போடியாவுக்குக் கடத்தப்பட்டார் என்றார். மலாய் மந்திரவாதிகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நம் சகோதரியும் யாரோ சொன்னதைக் கேட்டு வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கப் போயிருக்கிறார். வடக்கே உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி மூவாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். வேறு சமயமாயிருந்தால் கண்டித்திருப்போம். அன்று வாய் வரவில்லை.

தாம்சன் குடும்பத்துக்குத் துயரம் அதோடு முடியவில்லை. அதே 1967 ஆகஸ்டில் அவருடைய அக்கா கேதரின் அமெரிக்காவில் தம் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் நிரூபிக்கவில்லை. பட்டுக் கம்பெனியை உதவியாளர் சார்லஸ் ஷெஃபீல்டு பொறுப்பேற்று நடத்தினார். ஏழாண்டுகள் கழித்து, 1974-இல், தாய்லாந்து நீதிமன்றம் தாம்சன் இறந்துவிட்டதாக அறிவித்தது. வீடு அண்ணன் மகனுக்குச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரிலான அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

நாம் 1990-களில் குருமடத்தில் படித்தபோது, காணாமற்போன ஆட்டின் உவமையை லூக்காவிலும் மத்தேயுவிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். லூக்காவில் ஆயன் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறான், கண்டதும் தோளில் போட்டுக்கொள்கிறான். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் கண்டுபிடித்தால் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. தேர்வுக்காக எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம். மலையில் தொலைந்த ஆடு சில வேளை கிடைக்காமலே போகும் என்பது மத்தேயுவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஆயன் தொண்ணூற்றொன்பதையும் மலையில் விட்டுவிட்டுப் போகிறான். கேமரன் மலையில் ஒராங் அஸ்லி மக்கள் தேடிப்போனது முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரரை.

ஏழாண்டுக் கணக்கு நம் நாட்டிலும் உண்டு. ஒருவர் உயிரோடிருந்தால் யாருக்கு இயல்பாகச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழாண்டுகளாகச் செய்தி இல்லையென்றால், அவர் இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்திலும் தொடர்கிறது. அதுவரை இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் விதவை உதவித்தொகை இல்லை, காப்பீடும் பி.எஃப். பணமும் இழுபறிதான்.

திருச்சபைச் சட்டமோ ஆண்டுக் கணக்கே சொல்வதில்லை. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 1707-ஆம் எண் இதைப் பற்றியது. கணவர் அல்லது மனைவி இறந்ததற்கு ஆவணம் இல்லாவிட்டால், தக்க விசாரணை செய்து, சாட்சிகளையும் ஊரில் பேசப்படுவதையும் மற்ற அறிகுறிகளையும் ஆராய்ந்து, மனதார உறுதி ஏற்பட்டால் மட்டுமே மறைமாவட்ட ஆயர் இறந்தவராகக் கருதி அறிவிக்க முடியும். நெடுங்காலம் காணவில்லை என்பது மட்டும் போதாது. முன்பெல்லாம் இதைக் கடுமையான விதி என்று நினைத்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதரை இறந்தவர் கணக்கில் எழுதுமுன் இன்னொரு முறை தேடிப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவே.

நம் பங்கில் இப்படி ஆளைத் தொலைத்துவிட்டு இருப்பவர்கள் இன்னும் இருக்கலாம். வேலைக்கென்று வந்து, ஊர் மாறி, பேச்சு மூச்சில்லாமல் போனவர்கள் இந்தப் பனியன் ஊரில் குறைவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டாம். முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுத்த தேதி பின்னால் மிகவும் முக்கியம். கடைசியாகப் பார்த்தவர்களின் பெயரையும், அன்று அவர் போட்டிருந்த துணியின் நிறத்தையும் நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். ஞானஸ்நானச் சான்றும் திருமணச் சான்றும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். மறைமாவட்ட நடுவர் மன்றத்துக்கு விண்ணப்பம் எழுத நாம் உதவுகிறோம். அங்கே போவது மறுமணத்துக்காக மட்டும்தான் என்று யாரும் பேச வேண்டாம்.

அந்தச் சகோதரியும் புகார் நகலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கணவரோடு அன்று வேனில் போனவர்களில் இருவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள்; ஒருவரைப் பல்லடம் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டோம், மற்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கல்லறைத் திருநாளுக்கு அவர் கேட்ட பூசையைக் கடைசியில் இடப்பக்கம் எழுதினோம். வரும் உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்கும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.